டெர்பி ஜெயிச்சவளுக்கு ‘விசேஷம்’ எப்போ?

போன மாதம் மதுரையில் ஒரு கல்யாணம். பந்தியில் உட்கார்ந்து இலையில் தண்ணீர் தெளிக்கறதுக்குள்ளே எதிர் வரிசையிலிருந்து பெரியம்மா ஒருத்தர் கேட்டுட்டாங்க: “என்னடி, விசேஷம் ஏதாச்சும் உண்டா?”

எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். “ப்ரமோஷன் வந்திருக்கு பெரியம்மா” என்றேன். “அது கிடக்கட்டும்” என்றார்கள். பக்கத்து இலையில் என் கணவர் நிம்மதியாகப் பாயசம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

அன்னிக்கு ராத்திரி ரயிலில் திரும்பி வரும்போது நான் படித்துக்கொண்டிருந்தது ஒரு குதிரையைப் பற்றி. அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த பெட்டைக் குதிரை. இந்த ‘விசேஷம் உண்டா’ கேள்வியை ஒரு பந்தி முழுக்க இல்லை, ஒரு நாட்டின் பந்தய உலகமே அவளிடம் பத்து வருஷத்துக்கு மேல் கேட்டுக்கொண்டிருந்தது. பேர், ஜென்யூயின் ரிஸ்க். இந்த எபிசோட் முழுக்க நான் அவளை ‘அவள்’ என்றுதான் சொல்லப்போறேன். கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

பிறந்தது 1977 பிப்ரவரியில், கென்டக்கியில். ஒரு வயதில் ஏலத்துக்கு வந்தாள். வாங்கியது பெர்ட் ஃபயர்ஸ்டோன், டயானா ஃபயர்ஸ்டோன் தம்பதி. விலை 32,000 டாலர். அந்த ஏலத்தில் இவளைக் கண்ணால் பார்த்து “இது வேணும்” என்று கைகாட்டியது அவர்களுடைய 14 வயது மகன் என்பது பந்தய உலகில் இன்றும் சொல்லிக்கொள்கிற கதை. பெரிய விலை இல்லை. அந்தக் காலத்தில் நல்ல வம்சத்துக் குட்டிகள் லட்சக்கணக்கில் போய்க்கொண்டிருந்தன.

இரண்டு வயதில் ஓட ஆரம்பித்தவள் தொடர்ந்து ஜெயித்தாள், எல்லாம் பெட்டைகளோடு. மூன்று வயதானதும் கேள்வி வந்தது: இவளை ஆண் குதிரைகளோடு கென்டக்கி டெர்பியில் இறக்கலாமா?

கென்டக்கி டெர்பி 1875லிருந்து நடக்கிறது. அதுவரை ஒரே ஒரு பெட்டைதான் ஜெயித்திருந்தாள், ரிக்ரெட், 1915ல். பயிற்சியாளர் லீராய் ஜாலிக்குத் தயக்கம். டெர்பிக்கு முன்னால் நியூயார்க்கில் ஆண் குதிரைகளோடு ஒரு பந்தயத்தில் விட்டுப் பார்த்தார். மூன்றாவதாக வந்தாள். “டெர்பி வேண்டாம்” என்றார். உரிமையாளர்கள் “ஓடட்டும்” என்றார்கள்.

இங்கே ஒரு பழைய கணக்கைச் சொல்லியாகணும். 1975 ஜூலையில் நியூயார்க் பெல்மான்ட் மைதானத்தில் ஒரு ஆண் குதிரைக்கும் ஒரு பெட்டைக்கும் நேருக்கு நேர் போட்டி வைத்தார்கள். ஆண், ஃபூலிஷ் ப்ளெஷர். பெட்டை, ரஃபியன். அதுவரை தோற்றதே இல்லாதவள். ஓடும்போதே அவளுடைய முன்கால் உடைந்தது. அறுவை சிகிச்சை செய்தும் காப்பாற்ற முடியவில்லை. அன்று ஃபூலிஷ் ப்ளெஷரின் பயிற்சியாளர் இதே லீராய் ஜாலி. ரஃபியன் மேல் உட்கார்ந்திருந்த ஜாக்கி ஹசிந்தோ வாஸ்கெஸ். ஐந்து வருஷம் கழித்து ஜென்யூயின் ரிஸ்க்கின் மேல் ஏறியதும் அதே வாஸ்கெஸ்தான்.

1980 மே 3. பதின்மூன்று குதிரைகள். கடைசி வளைவில் வெளிப்பக்கமாக வந்து முன்னேறி, ஒரு குதிரை நீள இடைவெளியில் ஜெயித்தாள். 65 வருஷத்துக்குப் பிறகு ஒரு பெட்டை. இரண்டு வாரம் கழித்து ப்ரீக்னஸ் பந்தயத்தில் கோடெக்ஸ் என்ற குதிரை இவளை வளைவில் வெளியே தள்ளிக்கொண்டு போனது என்று பெரிய சண்டை, புகார், விசாரணை. முடிவு மாறவில்லை, இரண்டாவது இடம். பெல்மான்ட்டிலும் இரண்டாவது. அமெரிக்காவின் மூன்று பெரிய பந்தயங்களிலும் முதல் இரண்டு இடத்துக்குள் வந்த பெட்டை என்று அவள் ஒருத்தியைத்தான் சொல்ல முடியும். மொத்தம் 15 பந்தயம், 10 வெற்றி, மூன்றுக்குக் கீழே ஒரு தடவைகூடப் போனதில்லை.

1981ல் ஓட்டத்தை நிறுத்தினார்கள். நான்கு வயது.

சரி, இப்போ விஷயத்துக்கு வருவோம். ஓட்டம் முடிந்த பந்தயக் குதிரைக்கு அடுத்து என்ன? ஆணாக இருந்து நல்லா ஓடியிருந்தால் பொலிக்குதிரை. ஒரு பருவத்தில் பத்துக்கணக்கான பெட்டைகளோடு சேர்ப்பார்கள், இன்று பெரிய பண்ணைகளில் நூறைத் தாண்டும். ஒவ்வொன்றுக்கும் கட்டணம். பெட்டையாக இருந்தால் வருஷத்துக்கு ஒரே ஒரு குட்டி, அதுவும் எல்லாம் நல்லபடியாக நடந்தால். சினைக்காலம் சுமார் 11 மாதம். அதாவது ஐந்து வயதில் பண்ணைக்கு வரும் ஒரு பெட்டை தன் ஆயுளில் பத்துப் பன்னிரண்டு குட்டி போட்டாலே பெரிய விஷயம். ஒரு வருஷம் தவறினால் அந்த ஒரு குட்டி போச்சு. அதனாலதான் அவசரம். மைதானத்திலிருந்து லாயத்துக்கு வந்த அடுத்த பருவமே அவளைப் பொலிக்கு அனுப்பிவிடுவார்கள்.

ஜென்யூயின் ரிஸ்க்குக்கு மாப்பிள்ளை யார் தெரியுமா? செக்ரட்டேரியட்.

குதிரைப் பந்தயம் பற்றி ஒன்றுமே தெரியாதவர்களுக்கும் இந்தப் பேர் காதில் விழுந்திருக்கும். 1973ல் மூன்று பெரிய பந்தயங்களையும் ஜெயித்தவன். பெல்மான்ட்டில் 31 குதிரை நீளம் முன்னால் வந்தான். அந்த வெற்றிக்கு முன்பே, அவனுடைய பொலி உரிமையை 32 பங்காகப் பிரித்து, மொத்தம் 60 லட்சம் டாலருக்கு மேல் விற்றிருந்தார்கள். இன்னும் டெர்பியே ஓடவில்லை, அதுக்குள்ள!

1982ல் இந்த இரண்டு பேரையும் சேர்த்தார்கள். கென்டக்கி டெர்பி ஜெயித்த ஆணும் டெர்பி ஜெயித்த பெட்டையும் சேர்ந்தது வரலாற்றில் அதுதான் முதல் தடவை. முன்னால் நடந்திருக்கவும் வாய்ப்பு கம்மி, ஜெயித்த பெட்டையே இவளுக்கு முன் ஒருத்திதானே. பத்திரிகைகள் எழுதின. குட்டி பிறக்கறதுக்கு முன்னாடியே அது டெர்பி ஓடுகிற மாதிரி பேச்சு.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, மைதானத்துக்கும் பொலிக்கொட்டகைக்கும் நடுவில் ஒரு பெட்டைக் குதிரையின் உடம்பில் என்ன நடக்கிறது என்று சொல்றேன். இதுதான் எனக்கு ரொம்ப சுவாரசியமான பகுதி. யாரும் படமெடுக்காத பகுதியும்கூட.

பந்தயக் குதிரையின் நாள் எப்படி? விடியற்காலையில் ஒரு ஓட்டம், நடை, குளியல், பிறகு நாள் முழுக்கத் தனி லாயம். நிறைய தானியம். உடம்பில் கொழுப்பே இல்லாமல் முறுக்கேறிய தசை. கூட்டமாக மேய்ந்து பழக்கமில்லை. புல்வெளியில் அப்படியே அவிழ்த்துவிட்டால் பைத்தியம் பிடித்த மாதிரி ஓடிக் காலை ஒடித்துக்கொள்ளும். அதனால் மெதுவாக இறக்குவார்கள். தானியத்தைக் குறைப்பது, லாடத்தைக் கழற்றுவது, முதலில் சின்ன வேலிக்குள் விடுவது, துணைக்கு வயதான அமைதியான ஒரு பெட்டையைச் சேர்ப்பது. வாரங்கள் போகப்போக வயிறு தெரிய ஆரம்பிக்கும், ரோமம் அடர்த்தியாகும். ஓட்டப்பந்தய வீராங்கனை மறுபடியும் குதிரையாவதற்குச் சில மாதம் பிடிக்கும்.

அவளுடைய பருவச் சுழற்சியும் சட்டென்று சீராவதில்லை. மைதானத்தில் இருக்கும்வரை அந்தச் சுழற்சி ஒரு தொந்தரவு. பருவத்துக்கு வந்த நாட்களில் கவனம் சிதறும் என்று அதை அடக்க ஹார்மோன் மருந்து கொடுப்பது வழக்கம். தசை ஏற்றும் ஸ்டீராய்டுகளுக்கு அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் 2008 வரை தடையே இருக்கவில்லை. அதைப் பெட்டைக்குக் கொடுத்தால் பருவம் மாதக்கணக்கில் வராமலே போகலாம். இன்னொன்று: வேகமாக ஓடும்போது பிறப்புறுப்பு வழியாகக் காற்று உள்ளே போய் கிருமித் தொற்று வரும் என்பதால் அதன் மேல்பகுதியைத் தையல் போட்டு வைப்பார்கள். காஸ்லிக் என்ற கால்நடை மருத்துவர் 1937ல் எழுதிய முறை. இன்றும் அவர் பேரில்தான் வழங்குகிறது. பிரசவத்துக்கு முன்னால் அந்தத் தையலை மறக்காமல் பிரித்துவிட வேண்டும். இதைப் படித்தபோது ரயிலில் காலை இறுக்கி மடக்கிக்கொண்டேன், பொய் சொல்லலை.

இதெல்லாம் ஒரு பக்கம். மறுபக்கம் நாள்காட்டி. வடகோளத்தில் எல்லாப் பந்தயக் குதிரைக்கும் பிறந்தநாள் ஜனவரி 1. நிஜத்தில் மே மாதம் பிறந்தாலும் அடுத்த ஜனவரி 1ல் ஒரு வயது. டிசம்பர் 31ல் ஒரு குட்டி பிறந்தால் மறுநாளே அதுக்கு ஒரு வயசு! இரண்டு வயதுக் குதிரைகளின் பந்தயத்தில் ஜனவரியில் பிறந்தவனும் மே மாதம் பிறந்தவனும் ஒன்றாக ஓடவேண்டும். நாலைந்து மாத வளர்ச்சி வித்தியாசம் அந்த வயதில் பெரிது. ஏலத்திலும் பெரிய குட்டிக்குத்தான் விலை. ஆகவே எல்லாருக்கும் ஜனவரி, பிப்ரவரியில் குட்டி வேண்டும். அதுக்கு முந்தின பிப்ரவரி, மார்ச்சில் சினை பிடிக்க வேண்டும்.

ஆனால் பெட்டைக் குதிரையின் உடம்புக்கு ஜனவரி 1 தெரியாது. அதுக்குத் தெரிந்தது வெயில். பகல் நீளும்போதுதான் அவளுடைய சுழற்சி எழும். சித்திரை, வைகாசியில் சினை பிடித்து, அடுத்த வசந்தத்தில் புல் முளைக்கும்போது குட்டி போடுவதுதான் இயற்கையின் ஏற்பாடு. மனிதனுக்கு இரண்டு மாதம் முன்னாடியே வேணும். என்ன பண்றது? ஏமாற்ற வேண்டியதுதான். டிசம்பர் தொடக்கத்திலிருந்து லாயத்தில் பல்பு போட்டு ராத்திரி வரை எரியவிடுகிறார்கள். நாளுக்கு 16 மணி நேர வெளிச்சம், நின்று செய்தித்தாள் படிக்கிற அளவு. இரண்டு மாதத்தில் உடம்பு ‘வசந்தம் வந்துடுச்சு’ என்று நம்பிவிடும். இப்போது ஒரு கண்ணுக்கு மட்டும் நீல வெளிச்சம் அடிக்கிற முகமூடிகூட வந்துவிட்டது. அதைப் போட்டுக்கொண்டு பனியில் மேயும் குதிரைகளின் படத்தைத் தேடிப் பாருங்க, ஏதோ விண்வெளிப் படம் மாதிரி இருக்கும்.

பிறகு ‘டீசர்’ என்று ஒரு ஆண் குதிரை. அவன் வேலை, பெட்டை பருவத்தில் இருக்கிறாளா என்று பக்கத்தில் போய்ப் பார்ப்பது மட்டும். இருக்கிறாள் என்று தெரிந்ததும் அவனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டு, விலை உயர்ந்த பொலிக்குதிரையைக் கொண்டுவருவார்கள். பாவம் அந்த டீசர். முதல் தடவை வரும் பெட்டை பயந்து உதைக்கலாம், உதை பட்டால் பல லட்சம் டாலர் நஷ்டம். அதனால் அவளுடைய பின்னங்கால் குளம்புகளுக்கு மெத்தை வைத்த உறை மாட்டுவார்கள். இந்த ஏற்பாட்டில் யாருடைய பத்திரம் முக்கியம் என்பது பார்த்தாலே தெரியும்.

1980களின் தொடக்கத்தில்தான் ஸ்கேன் கருவி குதிரைப் பண்ணைகளுக்குள் வர ஆரம்பித்தது. அதற்கு முன் சினையா இல்லையா என்பதை மருத்துவர் கையை உள்ளே விட்டுத்தான் சொல்லணும். நம் ஊர் மாட்டு டாக்டர் மாதிரியே.

ஜென்யூயின் ரிஸ்க் முதல் பருவத்திலேயே சினை பிடித்தாள். அதுதான் இந்தக் கதையில் கொடுமை. எல்லாம் சரியாகப் போகிற மாதிரித்தான் இருந்தது. 11 மாதம் சுமந்தாள். 1983 வசந்தத்தில் குட்டி பிறந்தது. செத்துப் பிறந்தது.

அதே 1983ல், பிப்ரவரி மாதம், பென்சில்வேனியாவில் இன்னொரு குட்டி பிறந்திருந்தது. அதன் தாய் டெர்லிங்குவா, செக்ரட்டேரியட்டின் மகள். அவளும் வேகமான பந்தயக்காரி. ஓட்டத்தை முடித்ததும் இதே அவசரத்தோடுதான் பண்ணைக்கு அனுப்பப்பட்டவள். அந்தக் குட்டி, ஸ்டார்ம் கேட். பிற்காலத்தில் அமெரிக்காவின் விலை உயர்ந்த பொலிக்குதிரை, ஒரு தடவை சேர்க்க ஐந்து லட்சம் டாலர் வரை போனது. செக்ரட்டேரியட்டின் பெருமை மகன்கள் வழியாக இல்லாமல் மகள்கள் வழியாகத்தான் இறங்கியது என்று பந்தயக்காரர்கள் சொல்வார்கள். ஸ்டார்ம் கேட், ஏ.பி. இண்டி, கான் வெஸ்ட் மூன்றுமே மகள் வயிற்றுப் பேரன்கள்.

அதனால் ‘அவசரப்பட்டதாலதான் ஜென்யூயின் ரிஸ்க்கோட குட்டி செத்துப்போச்சு’ என்று நான் சொல்ல வரலை. அப்படிச் சொன்னால் கதை வசதியாக முடிந்துவிடும், ஆனால் உண்மை ஆகாது. அதே அவசரத்தில் எத்தனையோ பெட்டைகள் முதல் வருஷமே நல்ல குட்டி போடுகிறார்கள். இவளுக்கு அப்படி நடக்கவில்லை. அவ்வளவுதான்.

பிரச்சினை அதுக்கப்புறம். மறுபடி செக்ரட்டேரியட்டோடு சேர்த்தார்கள். அடுத்த வருஷம், அதற்கடுத்த வருஷம், வேறு வேறு பொலிக்குதிரைகள். சில தடவை சினை பிடிக்கவில்லை, சில தடவை பிடித்துக் கலைந்தது. 1986ல் அவளைப் பந்தய உலகின் புகழ்மண்டபத்தில் சேர்த்தார்கள். அதே சமயம் ஒவ்வொரு வசந்தத்திலும் ‘இந்தத் தடவையாவது?’ என்று ஒரு செய்தி. அவள் ஓடிய 15 பந்தயத்தைவிட, போடாத குட்டிகளைப் பற்றித்தான் அதிகம் எழுதினார்களோ என்று எனக்குச் சந்தேகம்.

‘வேற வழியே இல்லையா’ன்னு கேட்பீங்க. இருந்தது. கருவை எடுத்து வேறொரு பெட்டையின் கர்ப்பப்பையில் வைக்கும் முறை குதிரைகளில் 1970களிலேயே வந்துவிட்டது. அர்ஜென்டினாவின் போலோக்காரர்கள் பிறகு இதைப் பெரிய அளவில் எடுத்துக்கொண்டார்கள். அங்கே சிறந்த போலோ பெட்டை ஆடிக்கொண்டே இருப்பாள், அவளுடைய குட்டிகளை வேறு குதிரைகள் சுமக்கும். வேலையையும் விடவேண்டாம், வம்சமும் வரும். ஆனால் தரோபிரெட் பந்தயக் குதிரைகளின் பதிவேட்டில் இதுக்கு இடமில்லை. செயற்கைக் கருவூட்டலும் கூடாது, வாடகை வயிறும் கூடாது. ஆணும் பெட்டையும் நேரில் சேர்ந்து, அந்தப் பெட்டையே சுமந்து, அவளே பெற்றால்தான் பதிவு. மீறினால் அந்தக் குட்டி ஓட முடியாது. மோசடியைத் தடுக்க, ஒரே பொலிக்குதிரையின் வம்சம் வெள்ளமாகப் பெருகாமல் இருக்க என்று காரணங்கள் சொல்கிறார்கள். நியாயமும் இருக்கு. ஆனால் அந்த விதியின் பாரம் முழுக்க எந்த உடம்பின் மேல் விழுகிறது என்பதையும் பார்க்கணும்.

என் பாட்டி வீட்டில் ஒரு மாடு இருந்தது, செவலை. இரண்டு தடவை சினை பிடிக்கவில்லை என்றதும் தாத்தா அதை விற்றுவிட்டார். பாட்டி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஃபயர்ஸ்டோன் தம்பதி பணக்காரர்கள், விற்கவேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. அவளை வைத்துக்கொண்டார்கள். வர்ஜீனியாவில் அவர்களுடைய பண்ணையில் நிம்மதியாகத்தான் இருந்தாள். இதையும் சொல்லணும் இல்லையா.

1989 அக்டோபரில் செக்ரட்டேரியட் செத்துப்போனான், குளம்பு நோயால். அவளுக்கு இன்னும் குட்டி இல்லை.

1993 மே 15. ஜென்யூயின் ரிஸ்க்குக்கு வயது 16. பெட்டைக் குதிரைக்கு அது நடுவயதைத் தாண்டின கணக்கு. ராஹி என்ற பொலிக்குதிரைக்கு ஒரு ஆண்குட்டி பிறந்தது, உயிரோடு. எழுந்து நின்றது, பால் குடித்தது. பேர், ஜென்யூயின் ரிவார்ட். அமெரிக்கா முழுக்க அது செய்தியானது. பேரைக் கவனிச்சீங்களா? ரிஸ்க், ரிவார்ட். பத்து வருஷக் காத்திருப்புக்கு இதைவிடச் சுலபமான பேர் கிடைத்திருக்காது. 1996ல் இன்னொரு ஆண்குட்டி. இரண்டு மகன்களும் ஒரு பந்தயம்கூட ஓடவில்லை.

இந்த இடத்தில் முடித்துவிடலாம் என்றுதான் முதலில் ஸ்கிரிப்ட் எழுதினேன். ஆனால் ‘அது அந்தக் காலம், இப்போ அறிவியல் வளர்ந்துடுச்சு’ என்று நீங்கள் சொல்லக்கூடும். அதனால் ரேச்சல் அலெக்ஸாண்ட்ரா பற்றி ஒரு ஐந்து நிமிஷம்.

2006 ஜனவரியில் கென்டக்கியில் பிறந்தவள். பிறந்தபோது தாய் அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. வேறொரு தாய்க்குதிரையிடம் பால் குடித்து வளர்ந்தாள். 2009ல் பெட்டைகளுக்கான பெரிய பந்தயமான கென்டக்கி ஓக்ஸை 20¼ குதிரை நீளத்தில் ஜெயித்தாள். அந்த வீடியோவில் ஜாக்கி கால்வின் போரெல் ஒரு தடவைகூட அவளை விரட்டுவதாகத் தெரியாது, சும்மா உட்கார்ந்து வருவார். உடனே ஜெஸ் ஜாக்சன் என்ற ஒயின் வியாபாரி கூட்டாளியோடு சேர்ந்து அவளை வாங்கினார். இரண்டு வாரத்தில் ப்ரீக்னஸ் ஜெயித்தாள், 1924க்குப் பிறகு அதை ஜெயித்த முதல் பெட்டை. அந்த வருஷத்தின் சிறந்த குதிரை விருது அவளுக்கு. ஜாக்சனிடம் ஏற்கெனவே கர்லின் இருந்தான், 2007, 2008 இரண்டு வருஷமும் அதே விருது வாங்கியவன். கணக்கு உங்களுக்கே புரியும். மறுபடியும் அதே கனவு.

2010 ஆகஸ்ட் கடைசியில் கடைசிப் பந்தயம். செப்டம்பர் 28ல் ஓய்வு அறிவிப்பு. முதல் குட்டி பிறந்தது 2012 ஜனவரி 22. பின்னோக்கி 340 நாள் எண்ணினால் 2011 பிப்ரவரி மத்தி, அதாவது பொலிக்கொட்டகை திறக்கும் முதல் நாட்கள். ஓட்டத்துக்கும் சினைக்கும் நடுவே ஆறு மாதம்கூட இல்லை. நாள்காட்டிப்படி பார்த்தால் இதைவிடத் துல்லியமாக ஒரு குட்டி பிறக்க முடியாது. ஆனால் அதைப் பார்க்க ஜாக்சன் இல்லை, 2011 ஏப்ரலில் காலமாகிவிட்டார். குட்டிக்கு ஜெஸ்ஸஸ் ட்ரீம் என்று பேர் வைத்தார்கள், ஜெஸ் கண்ட கனவு. அவன் தன் வாழ்க்கையில் ஒரே ஒரு பந்தயம் ஓடினான், 2015ல் சாரடோகாவில். கடைசியிலிருந்து வந்து ஜெயித்தான்.

முதல் குட்டி போட்ட சில வாரத்திலேயே அடுத்த பருவம். மறுபடி சினை. 2013 பிப்ரவரியில் இரண்டாவது பிரசவம். பெண்குட்டி நல்லபடியாகப் பிறந்தது. ஆனால் பிரசவத்தில் ரேச்சலின் குடலில் பலத்த காயம். அறுவை சிகிச்சை செய்து சேதமான பகுதியை அகற்ற வேண்டியிருந்தது. வாரக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்தாள், பிழைப்பாளா என்பதே தினசரி கேள்வி. அவளைப் போலவே அவள் மகளும் வேறொரு தாய்க்குதிரையிடம் பால் குடித்துத்தான் வளர்ந்தாள். அந்த மகள் ரேச்சல்ஸ் வாலன்டினா 2015ல் ஸ்பின்அவே என்ற முதல்தரப் பந்தயத்தை ஜெயித்தாள்.

ரேச்சல் பிழைத்தாள். ஜாக்சனின் மனைவி பார்பரா பாங்க்கேயின் தரப்பு ஒரு முடிவெடுத்தது: இனி இவளைப் பொலிக்கு அனுப்புவதில்லை. ஏழு வயது. கோடிக்கணக்கில் மதிப்புள்ள குட்டிகளை அவள் இன்னும் பத்து வருஷம் போட்டிருக்கலாம் என்று கணக்குப் போட்டவர்கள் உண்டு. எனக்கு இந்தக் கதையில் பிடித்த ஒரே முடிவு அதுதான்.

அதே 2010ல் ஓய்வு பெற்ற ஸெனியாட்டாவையும் ஒரு வரியில் சொல்லிடறேன், கமெண்ட்டில் கேட்பீங்க. இருபது பந்தயத்தில் 19 வெற்றி. டிசம்பரில் பண்ணைக்கு வந்தாள், அடுத்த வசந்தத்தில் சினை. முதல் இரண்டு மகன்களும் ஒரு பந்தயமும் ஜெயிக்கவில்லை.

ஜென்யூயின் ரிஸ்க்கை 2000ல் பொலியிலிருந்து விடுவித்தார்கள். அதற்குப் பிறகு யாரும் அவளிடம் எதுவும் எதிர்பார்க்கவில்லை. வர்ஜீனியாவில் அப்பர்வில் ஊருக்குப் பக்கத்துப் பண்ணையில் இன்னும் எட்டு வருஷம் இருந்தாள். 2008 ஆகஸ்ட் 18ல், தன் புல்வெளியிலேயே இறந்தாள். 31 வயது. பந்தயக் குதிரைக்கு அது அபூர்வமான ஆயுசு.

மூத்த மகன் ஜென்யூயின் ரிவார்ட் வயோமிங் பக்கம் ஒரு பண்ணைக்குப் போனான். அவனுடைய குட்டிகள் சில போலோ ஆடின. அவன் எவ்வளவு வேகமா ஓடுவான் என்பதைப் பந்தயத்தில் யாரும் பார்க்கவே இல்லை.

இந்த எபிசோட் இவ்வளவுதான். பெரியம்மாவுக்கு லிங்க் அனுப்பியிருக்கேன்.